சந்தையில் வாங்கிய 'காலே' ஜாடி: அசலா, போலியா?

பிரிவு: கைவினை / கண்ணாடி, பீங்கான், மண்

மோசெல்கரையான் (இழையைத் தொடங்கியவர்) | சனி, இரவு 9:40

வணக்கம். பிரான்சின் வடகிழக்கில், மெட்ஸ் நகரில் வசிக்கிறேன். கண்ணாடியைப் பற்றி எனக்குத் தெரிந்தது, கீழே போட்டால் உடையும் என்பது மட்டும்தான்.

இன்று காலை பழம்பொருள் சந்தையில் ஒரு பூ ஜாடி கண்ணில் பட்டது. ஒரு சாணுக்குச் சற்று அதிகமான உயரம். அடி நிறம் பனி மூடியது போன்ற மங்கலான மஞ்சள். அதன்மேல் கத்தரிப்பூ நிறத்தில் பூக்கள் சரம் சரமாகத் தொங்குகின்றன. விரலால் தடவினால் பூவும் இலையும் மேடாகத் தட்டுப்படுகின்றன. கீழே ஓர் ஓரத்தில் 'காலே' என்று கையெழுத்து, அதுவும் மேடாக. விற்ற பெரியவர் 300 யூரோ என்று ஆரம்பித்து 180க்கு இறங்கினார். பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து தேடினால், எமில் காலே என்ற பழைய பிரெஞ்சுக் கண்ணாடிக் கலைஞரின் ஜாடிகள் ஏலத்தில் ஆயிரக்கணக்கில் போகின்றன. தலைகால் புரியவில்லை. என் மனைவிதான், "நமக்கு அரை மணி நேரத்தில் தெரிந்தது, நாற்பது வருடமாகக் கடை போடுகிறவருக்குத் தெரியாதா?" என்று கேட்டு என்னைத் தரையில் இறக்கினாள். ஐந்து படங்கள் இணைத்திருக்கிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காலிமுகத்திடல் | சனி, இரவு 10:05

தலைப்பைப் பார்த்துவிட்டு எங்கள் காலி ஊர்க் கோட்டையில் யாரோ ஜாடி செய்கிறார்கள் என்று ஓடி வந்தேன். ஏமாற்றம்தான். ஆனால் ஜாடி அழகாக இருக்கிறது. உட்கார்ந்து படிக்கிறேன்.

பழஞ்சரக்கு | சனி, இரவு 10:52

படத்தைப் பார்த்து அசல் என்று சத்தியம் செய்கிறவரை நம்பாதீர்கள், போலி என்று சத்தியம் செய்கிறவரையும்தான். கையில் எடுத்துப் பார்க்க வேண்டிய பொருள் இது. இருந்தாலும் சில செய்திகளைச் சொல்லி வைக்கிறேன்.

காலே 1846இல் நான்சியில் பிறந்தவர். உங்கள் மெட்ஸிலிருந்து முக்கால் மணி நேர ரயில் தூரம்தான். 1904இல் இரத்தப் புற்றுநோயால் இறந்தார். ஆனால் தொழிற்சாலை அவரோடு சாகவில்லை. அவர் மனைவி நடத்தினார், பிறகு குடும்பத்தார் நடத்தினார்கள், 1930கள் வரை உலை எரிந்தது. அவர் இறந்த பிறகு சில காலம் கையெழுத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய நட்சத்திரம் போட்டார்கள். பிறகு அதையும் விட்டுவிட்டார்கள். ஆக, 'காலே' என்று எழுதிய அசல் ஜாடியிலேயே, காலே கண்ணால் பார்க்காதவை ஏராளம்.

சந்தையில் பெயரைத் தேடி ஓடுகிறவர்கள் செய்யும் முதல் தவறு கையெழுத்தை முதலில் பார்ப்பது. அதைக் கடைசியில் பாருங்கள். போலி செய்கிறவன் மற்ற எதில் கோட்டை விட்டாலும் கையெழுத்தில் விடமாட்டான். இப்போதைக்கு நான்கு படங்கள் வேண்டும்: வாயின் விளிம்பு, அடிப்பாகம், உட்புறம், கையெழுத்துக்கு மிக அருகில்.

குழலூதி | ஞாயிறு, காலை 6:15

தம்பி, நான் சென்னையில் ஒரு வேதியியல் ஆய்வகத்துக்குக் கண்ணாடிக் கருவிகள் ஊதிக் கொடுத்து ஓய்வு பெற்றவன். முப்பத்தொரு வருடம். எங்கள் வேலை சுடர் வேலை: கண்ணாடிக் குழாயைத் தீயில் காட்டி வளைப்பது, ஒட்டுவது, ஊதுவது. உங்கள் ஜாடி உலை வேலை. இரண்டும் ஒன்றுவிட்ட சகோதரர்கள். அதனால் இந்த ஜாடி எப்படிப் பிறக்கிறது என்பதை என்னால் சொல்ல முடியும்.

உலைக்குள் ஒரு பானையில் மஞ்சள் கண்ணாடி உருகித் தேன் பதத்தில் இருக்கும். ஏறத்தாழ 1,100 டிகிரி வெப்பம். நீண்ட இரும்புக் குழாயின் நுனியில் அதைச் சுற்றி எடுத்து, ஊதி, ஒரு சிறிய குமிழ் ஆக்குவார்கள். அதை அப்படியே கத்தரிப்பூ நிறக் கண்ணாடி உருகியிருக்கும் இன்னொரு பானையில் முக்குவார்கள். இப்போது மஞ்சளுக்கு மேல் ஒரு தோல். வேண்டுமானால் மூன்றாவது நிறம், நான்காவது நிறம். எல்லாத் தோலும் ஒட்டிய பிறகுதான் முழு உயரத்துக்கு ஊதி இழுப்பார்கள். குழாயைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், நின்றால் கண்ணாடி ஒரு பக்கமாக வழிந்துவிடும். எல்லா நிறக் கண்ணாடியும் சூட்டில் ஒரே அளவு விரிந்து ஒரே அளவு சுருங்க வேண்டும். இல்லாவிட்டால் ஆறும்போது ஒரு தோல் இன்னொன்றைக் கிழிக்கும். கண்ணாடிக்காரன் காலையில் உலையைத் திறக்கப் பயப்படுவது இதனால்தான்.

இந்தக் கட்டத்தில் ஜாடியைப் பார்த்தால் பூவே இருக்காது. முழுக்கக் கத்தரிக்காய் மாதிரி இருக்கும்!

பிறகு வரைபவர் வருவார். தார் போன்ற பூச்சால் பூவையும் இலையையும் வரைவார். பூச்சு பட்ட இடத்தை அமிலம் தொடாது. ஜாடியை ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் இறக்கினால், பூச்சில்லாத இடத்தில் மேல் தோல் கரைந்து மஞ்சள் வெளியே வரும். எடுத்துக் கழுவி, மறுபடி பூச்சுப் பூசி, மறுபடி இறக்குவார்கள். இங்கேதான் வித்தை. கத்தரிப்பூத் தோலை முழுதும் விட்டால் கருப்புக்குப் பக்கத்தில் போகும் நிறம். பாதி கரைத்தால் ஊதா. முக்கால் கரைத்தால் பின்னாலிருக்கும் மஞ்சள் ஊடுருவி, வாடப் போகும் இதழின் நிறம். ஒரே தோலில், தடிமனை மட்டும் மாற்றி, காம்பையும் இதழையும் இதழின் நுனியையும் வேறு வேறு நிறமாகக் காட்டலாம். நல்ல ஜாடியில் இதைச் சுழலும் சிறு செம்புச் சக்கரத்தால் நரம்பு நரம்பாகச் செதுக்கி முடிப்பார்கள்.

உங்கள் இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எனக்கு மேடு, பள்ளம் என்று இரண்டே நிலைதான் தெரிகிறது. நடுவில் படியே இல்லை. படத்தின் குறையாகவும் இருக்கலாம்.

வெட்டிப்பேச்சு | ஞாயிறு, காலை 9:30

ஒரு சந்தேகம். ஊதியவர் ஒருவர், வரைந்தவர் ஒருவர், அமிலத்தில் முக்கியவர் ஒருவர், செதுக்கியவர் இன்னொருவர். காலே ஐயா இதில் என்ன செய்தார்? கையெழுத்துப் போட்டாரா? அதையும் யாரோ ஒரு கூலியாள்தான் வரைந்திருப்பான். அப்படியானால் அசலே ஒருவகைப் போலிதானே?

பழஞ்சரக்கு | ஞாயிறு, காலை 10:10

பெரிய கோயில் கட்டிய தலைமைப் பெருந்தச்சன் ஒவ்வொரு கல்லையும் தானே கொத்தினாரா?

வெட்டிப்பேச்சு | ஞாயிறு, காலை 10:14

அவர் ஒவ்வொரு கல்லிலும் தன் பெயரைப் பொறிக்கவில்லையே. தஞ்சைக் கல்வெட்டில் எத்தனையோ பேருடைய பெயர்கள் இருக்கின்றன.

பழஞ்சரக்கு | ஞாயிறு, காலை 10:31

இதற்கு என்னிடம் பதில் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இது காலேயோடு முடிந்த கதையும் இல்லை. அமெரிக்காவில் டேல் சிஹுலி என்ற கண்ணாடிக் கலைஞர் இருக்கிறார். கடல் சிப்பி, சாமந்தி இதழ் போலவெல்லாம் விரியும் கண்ணாடி. 1976இல் இங்கிலாந்தில் நடந்த கார் விபத்தில் ஒரு கண் பார்வை போயிற்று. 1979இல் கடலலையில் விளையாடும்போது தோள் மூட்டு விலகியது. அதன் பிறகு அவர் குழாயைப் பிடிப்பதில்லை. வரைகிறார், ஒரு குழு ஊதுகிறது. சியாட்டிலில் அவர் பெயரிலேயே 2012இல் தோட்டமும் காட்சிக்கூடமும் திறந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு, "இது யார் ஊதியது?" என்று கேட்கிறவர்கள் சிலர், கேட்காதவர்கள் பலர்.

குழலூதி | ஞாயிறு, பிற்பகல் 1:20

ஊதியவன் பெயரைக் கேட்கிறீர்களே, அதற்காக வெட்டிப்பேச்சுக்கு ஒரு நன்றி. எங்கள் ஆய்வகத்தில் நான் செய்த கருவிகளை வைத்து நடந்த ஆராய்ச்சிகளில் கட்டுரையின் கடைசி வரியில்கூட என் பெயர் வந்ததில்லை. ஒரே ஒரு மாணவி மட்டும் ஒருமுறை நன்றியுரையில் எழுதினாள். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

சரி, ஜாடிக்கு வருவோம்.

செம்பருத்தி | ஞாயிறு, மாலை 4:45

தாமதமாக வருகிறேன். கண்ணாடி எனக்குத் தெரியாது. தாவரவியல் ஆசிரியை. அதனால் வேறொரு பக்கத்திலிருந்து பார்க்கிறேன்.

ஜாடியில் இருப்பது விஸ்டேரியா என்று நினைக்கிறேன். ஐரோப்பாவில் வீட்டு வாசல்களில் படரவிடும் கொடி. அவரை, சங்குப்பூ எல்லாம் அதன் சொந்தக்காரர்கள். பூச்சரம் சரியாகவே தொங்குகிறது. ஆனால் இலை? விஸ்டேரியாவுக்குக் கூட்டிலை. சங்குப்பூ இலையை நினைத்துக்கொள்ளுங்கள்: ஒரே காம்பில் இரு பக்கமும் சிற்றிலைகள், நுனியில் ஒன்று. விஸ்டேரியாவில் அந்தச் சிற்றிலைகள் இன்னும் அதிகம். உங்கள் ஜாடியில் இருப்பதோ தனித்தனியான, ஓரம் பல் வெட்டிய, அகலமான இலைகள். என் புனைபெயருக்குப் பொருத்தமான இலை. விஸ்டேரியாப் பூவுக்குச் செம்பருத்தி இலையை ஒட்டியிருக்கிறார்கள்.

இதை ஏன் பெரிதாகச் சொல்கிறேன் என்றால், காலே பொழுதுபோக்குக்குச் செடி பார்த்தவர் இல்லை. 1877இல் நான்சியில் தோட்டக்கலைச் சங்கம் தொடங்கியபோது அதில் இருந்தவர், பிறகு அதன் செயலாளராக உழைத்தவர். 1900இல் பாரிஸில் நடந்த தாவரவியல் மாநாட்டுக்கு, நான்சியும் மெட்ஸும் இருக்கும் லொரேன் பகுதியின் ஆர்க்கிட் செடிகளின் உருமாற்றங்களைப் பற்றிக் கட்டுரை கொடுத்தவர். ஜாடிக்காரர் ஒருவர் தாவரவியல் மாநாட்டில்! வீட்டுத் தோட்டத்தில் வளர்த்து, காட்டில் பறித்து வந்து, அதைப் பார்த்து வரையச் செய்தவர். அவருடைய பட்டறைக் கதவில், "என் வேர் காட்டின் ஆழத்தில் இருக்கிறது" என்ற பொருளில் ஒரு வாசகம் செதுக்கியிருந்தது.

அப்படிப்பட்டவருடைய பட்டறையில் இலை மாறுமா என்பது என் கேள்வி.

பழஞ்சரக்கு | ஞாயிறு, மாலை 5:30

நல்ல கேள்வி, ஆனால் அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம். காலே இறந்த பிறகு தொழிற்சாலை வேகமாக விற்கும் சரக்காக நிறையச் செய்தது. அவற்றில் வரைபடம் எளிமையாகிவிட்டது. எனினும் நீங்கள் சொல்வது போல ஒரு செடியின் பூவை இன்னொரு செடியின் இலையோடு சேர்த்த அசல் ஜாடியை நான் இதுவரை கண்டதில்லை.

இளவேனில் | ஞாயிறு, இரவு 8:02

செடியை அப்படியே கண்ணாடியில் செய்வது என்றால் ஹார்வர்டில் இருக்கும் கண்ணாடிப் பூக்கள்தானே உச்சம்? முந்திரிப் பூவையும் வாழைப் பூவையும் நிஜம் என்றே நினைத்துவிட்டேன். ஓரிடத்தில் அழுகிய பழம்கூடக் கண்ணாடியில் இருந்தது. அவற்றோடு ஒப்பிட்டால் ஜாடியில் மேடாக வரைந்த பூ என்ன பெரிய விஷயம்?

குழலூதி | ஞாயிறு, இரவு 9:11

அம்மா, என் குலதெய்வத்தின் பெயரைச் சொல்லிவிட்டீர்கள். லியோபோல்ட் பிளாஷ்கா, அவர் மகன் ருடோல்ஃப். ஜெர்மனியில் டிரெஸ்டனுக்குப் பக்கத்தில் வீட்டுப் பட்டறை. 1886 முதல் 1936 வரை, ஐம்பது வருடம், 4,300க்கு மேற்பட்ட மாதிரிகள். 1895இல் தகப்பன் இறந்த பிறகு மகன் தனியாகவே செய்தார். பணம் கொடுத்தவர்கள் பாஸ்டனைச் சேர்ந்த தாயும் மகளும்.

ஆனால் அது பெரும்பாலும் ஊதிய கண்ணாடி இல்லை. எங்கள் ஜாதி வேலை: சுடரில் உருக்கி, இடுக்கியால் இழுத்து, கிள்ளி, ஒட்டியது. உள்ளே கம்பி இருக்கும், மேலே வண்ணப் பூச்சு இருக்கும். மாணவர்கள் பாடம் படிப்பதற்காகச் செய்தது. மகரந்தத் தாள் ஆறு என்றால் ஆறு இருந்தே ஆக வேண்டும். காலேக்கு அந்தக் கட்டாயம் கிடையாது.

செம்பருத்தி | ஞாயிறு, இரவு 9:40

கட்டாயம் இல்லாமலேயே அவர் எண்ணினார் என்பதுதான் எனக்குப் பிடித்தது.

இன்னொன்று. காலே வெறும் அழகான பூவை மட்டும் எடுக்கவில்லை. சாலையோரத்தில் முளைக்கும் களைச் செடிகள் அவருக்கு மிகவும் பிடிக்கும். கொத்தமல்லியை அறுக்காமல் விட்டால் குடை குடையாகப் பூக்குமே, அதே குடும்பத்துக் காட்டுச் செடிகள் அவர் ஜாடிகளில் திரும்பத் திரும்ப வருகின்றன. முட்செடி வருகிறது, அது நான்சி நகரத்தின் சின்னம். 1871இல் ஜெர்மனி லொரேனின் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டது. நான்சி பிரான்சில் நின்றது, மெட்ஸ் ஜெர்மனிக்குப் போயிற்று. அந்த நாளில் நான்சியில் ஒருவர் முட்செடியை ஜாடியில் வரைந்தால் பார்க்கிறவனுக்கு அர்த்தம் புரியும்.

மோசெல்கரையான், உங்கள் ஊரில் செயின்ட் குவாந்தன் என்று ஒரு குன்று இருக்கிறதல்லவா? அங்கே வளரும் காட்டு ரோஜா ஒன்றுக்குத் தாவரவியல் பெயரே 'காலிகா', பிரான்ஸ் நாட்டு ரோஜா. 1901இல் தோட்டக்கலைச் சங்கத் தலைவருக்குப் பரிசாகக் காலே செய்த கோப்பையில் இருப்பது அந்த ரோஜாதான். எதிரியின் கையில் இருக்கும் குன்றில் பூக்கும் நம் ரோஜா.

மோசெல்கரையான் | ஞாயிறு, இரவு 10:25

எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலிலிருந்து அந்தக் குன்று தெரிகிறது! பதினோரு வருடமாகப் பார்க்கிறேன். இன்றுதான் அறிமுகம் ஆகிறது.

பழஞ்சரக்கு கேட்ட நான்கு படங்களை இப்போது இணைத்திருக்கிறேன்.

பழஞ்சரக்கு | திங்கள், காலை 7:05

விளிம்பைப் பார்த்தேன். நன்றாகத் தேய்த்து முடித்த விளிம்பு. மஞ்சளும் கத்தரிப்பூவும் தனித்தனி அடுக்காகத் தெரிகின்றன. ஆகவே இது வண்ணம் பூசிய மலிவுச் சரக்கு இல்லை. உண்மையாகவே அடுக்குப் போட்டு ஊதி, அமிலத்தில் அரித்த ஜாடி. முதல் கண்டம் தாண்டியாயிற்று.

அடிப்பாகம்தான் உறுத்துகிறது. நூறு வருடம் மேசையிலும் அலமாரியிலும் நகர்ந்த ஜாடிக்கு அடியில் கன்னாபின்னாவென்று கீறல் இருக்க வேண்டும். உங்களுடையது பெண் பார்க்கப் போகும் மாப்பிள்ளை மாதிரி இருக்கிறது.

இப்போது இன்னொரு வேலை செய்யுங்கள். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, கைவிளக்கைக் கையெழுத்துக்கு நேராகப் பிடிக்காமல், ஜாடியின் தோலோடு ஒட்டிச் சாய்வாகப் பிடியுங்கள். 'காலே' என்ற எழுத்துகளுக்கு முன்னும் பின்னும் பாருங்கள். நகத்தாலும் தடவுங்கள். என்ன தெரிகிறது என்று எழுதுங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன், முன்பே சொன்னால் இல்லாததும் தெரியும்.

மோசெல்கரையான் | திங்கள், இரவு 11:15

பார்த்தேன். ஜாடியின் தோல் முழுவதும் பட்டுப்போல மங்கலாக இருக்கிறது. கையெழுத்து முடிந்ததும் வலது பக்கத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஓர் இடம் மட்டும் பளபளக்கிறது. நகத்தை ஓட்டினால் அங்கே ஒரு சிறு குழி, தேங்காய்ச் சிரட்டையின் உள்பக்கம் போல. அதன் ஓரத்தில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு புள்ளி மிச்சம் இருக்கிறது. மூன்று முறை பார்த்தேன். என்ன ஐயா அது?

பழஞ்சரக்கு | செவ்வாய், காலை 6:50

அங்கே மூன்று எழுத்து இருந்திருக்கும். 'டிப்'.

ருமேனிய மொழியில் அதற்கு 'வகை', 'பாணி' என்று பொருள். சில பத்தாண்டுகளாக ருமேனியாவில் காலே பாணியில் ஜாடிகளும் விளக்குகளும் செய்து விற்கிறார்கள். செய்கிறவர்கள் ஒளிக்கவில்லை. 'காலே டிப்', காலே பாணி, என்று ஜாடியிலேயே எழுதி அனுப்புகிறார்கள். நடுவில் யாரோ ஒருவர் சிறு சாணைக் கல்லால் அந்த மூன்று எழுத்தை மட்டும் தேய்த்துவிடுகிறார். பாணி போய்விடுகிறது, காலே நிற்கிறார். மங்கலான தோலில் அந்த இடம் மட்டும் பளபளப்பது அதனால்தான்.

உங்களிடம் விற்ற பெரியவர்தான் தேய்த்தார் என்று சொல்லமாட்டேன். அவரும் யாரிடமாவது ஏமாந்திருக்கலாம்.

வெட்டிப்பேச்சு | செவ்வாய், காலை 8:20

மோசெல்கரையான், வருந்துகிறேன். உண்மையாகவே. ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? இந்த முழுக் கதையிலும் பொய் சொல்லாதவர்கள் ருமேனியாக்காரர்கள் மட்டும்தான்.

குழலூதி | செவ்வாய், காலை 8:55

அதேதான். விளிம்புப் படத்தை நானும் பார்த்தேன். சுற்றிலும் தோலின் தடிமன் ஒரே சீராக இருக்கிறது. இரண்டு பானையில் முக்கி, சுழற்சி நிற்காமல் ஊதினால் தவிர இது வராது. ஊதியவன் கை நல்ல கை. வரைந்தவருக்குத்தான் நேரமோ கூலியோ போதவில்லை. ஒரே முறை அமிலத்தில் இறக்கி எடுத்துவிட்டார்கள். அதனால்தான் இரண்டே நிலை.

காலிமுகத்திடல் | செவ்வாய், மாலை 3:30

ஒரு கேள்வி. என் மகள் கண்ணாடி டம்ளரில் பூ வரைந்து இப்படி அரித்துப் பார்க்க ஆசைப்படுகிறாள். அந்த அமிலம் கடையில் கிடைக்குமா?

குழலூதி | செவ்வாய், மாலை 3:48

வேண்டாம். வேண்டாம். மூன்றாவது முறையும் வேண்டாம்.

நீர்த்த ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் கையில் பட்டால் முதலில் எரியாது. அதுதான் ஆபத்து. பட்டதே தெரியாமல் வேலையைத் தொடர்வீர்கள். சில மணி நேரம் கழித்து எலும்புக்குள்ளிருந்து வலிக்கும். தோலைத் தாண்டி உள்ளே போய் உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். அதிகம் பட்டால் இதயமே நிற்கலாம். எங்கள் ஆய்வகத்தில் கால்சியம் குளுக்கோனேட் களிம்பு எடுத்து வைக்காமல் அந்தப் புட்டியின் மூடியைத் தொட விடமாட்டோம். ஒரு சக ஊழியரின் விரல் நுனியை நான் பார்த்திருக்கிறேன். விவரிக்கப் போவதில்லை.

கைவினைக் கடைகளில் விற்கும் அரிப்புக் களிம்பிலும் இதன் உறவுக்கார உப்புகள்தான் இருக்கின்றன. குழந்தைக்கு அதுவும் வேண்டாம். கண்ணாடி வண்ணம் வாங்கிக் கொடுங்கள்.

நெறியாளர் | செவ்வாய், மாலை 4:10

மேலுள்ள பதிவைப் பிரிவின் முகப்பில் நிலைநிறுத்துகிறேன்.

மோசெல்கரையான் | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 8:30

மறந்துவிட்டேன் என்று நினைத்திருப்பீர்கள். இரண்டு நாள் நன்றாகவே கோபம் இருந்தது. ஜாடியைத் துணி அலமாரிக்குள் வைத்துவிட்டேன். பிறகு, ஏமாந்ததுதான் ஏமாந்தோம், அசல் எப்படி இருக்கும் என்றாவது பார்த்துவிடலாம் என்று கிளம்பினோம்.

முதல் வாரம் நான்சிக்குப் போனோம். அருங்காட்சியகம் என்றால் பெரிய மண்டபம் என்று எதிர்பார்த்தேன். ஒரு செல்வந்தரின் பழைய வீடு, சுற்றிலும் தோட்டம். செம்பருத்தி அக்கா சொன்ன கதவு அந்தத் தோட்டத்திலேயே நிற்கிறது, கட்டடம் எதுவும் இல்லாமல் கதவு மட்டும். அந்தி, விடியல் என்று பெயர் வைத்த கட்டில் ஒன்று இருக்கிறது. தலைமாட்டிலும் கால்மாட்டிலும் பெரிய அந்துப்பூச்சிகள், முத்துச்சிப்பி பதித்த சிறகுகளோடு. "இதில் படுத்தால் எப்படித் தூக்கம் வரும்?" என்று என் மனைவி கேட்டாள். காலே அதைச் செய்து முடித்த வருடத்திலேயே இறந்துவிட்டாராம்.

ஆனால் நான் நின்றது ஒரு விளக்கின் முன்னால். மூன்று காளான்கள், 1902ஆம் ஆண்டு வாக்கில் செய்தது. மைக்காளான் என்ற வகை. முதிர்ந்ததும் குடை கருத்து மையாக வழிந்துவிடுமாம். ஒன்று இப்போதுதான் மண்ணைப் பிளந்தது போல மூடிக்கிடக்கிறது. இன்னொன்று பாதி விரிந்திருக்கிறது. உயரமானது முழுக்க விரிந்து நிற்கிறது. உள்ளே விளக்கு எரிகிறது. குழலூதி ஐயா எழுதிய தடிமன் கணக்கை அங்கே கண்ணால் பார்த்தேன். மூன்றாவது காளானின் குடையில் நடுவில் அடர்ந்திருக்கும் நிறம் ஓரத்துக்கு வர வர இளகுகிறது. எங்கே ஒரு நிறம் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியவில்லை. காவலர் இரண்டு முறை பக்கத்தில் வந்து நின்றார்.

அடுத்த வாரம் மைசந்தால். வோஜ் மலைக் காட்டுக்குள் ஒரு சிற்றூர். 1704இல் தொடங்கி 1969இல் மூடிய கண்ணாடி ஆலை. காலே தனக்கென்று நான்சியில் 1894இல் உலை கட்டும் வரை அவருடைய ஜாடிகள் இங்கேதான் பிறந்திருக்கின்றன. 1871க்குப் பிறகு இது ஜெர்மனியின் பக்கம். அதாவது, ஜாடியில் லொரேன் பற்றைக் கொட்டியவர் அதை எல்லைக்கு அப்பால் ஊதி வாங்கியிருக்கிறார். வெட்டிப்பேச்சு இதைப் பிடித்துக்கொள்வார் என்று தெரியும்.

காட்டுக்குள் ஏன் கண்ணாடி ஆலை என்று கேட்டேன். உலைக்கு விறகு, மணல், அப்புறம் பெரணிச் செடி என்றார் வழிகாட்டி. பெரணியை எரித்த சாம்பலில் கிடைக்கும் காரத்தைச் சேர்த்தால் மணல் குறைந்த சூட்டில் உருகுமாம். அந்தக் காலத்தில் கண்ணாடிக்கே பாதி உடம்பு செடிதான்.

இப்போதும் அங்கே ஊதுகிறார்கள், கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடும் உருண்டைகள். 1858இல் வறட்சி வந்து ஆப்பிள் காய்க்காததால், மரத்தில் தொங்கவிட ஆப்பிளுக்குப் பதிலாகப் பக்கத்து ஊர்க் கண்ணாடிக்காரர் ஒருவர் உருண்டை ஊதினார் என்று ஒரு கதை சொல்கிறார்கள். கதைதான், ஆனால் ஊரே அதை நம்பிச் சந்தோஷமாக இருக்கிறது. ஓர் இளம்பெண் குழாயைச் சுழற்றிக்கொண்டு, ஈரமான மரக் கரண்டியில் கண்ணாடியை உருட்டினாள். நீராவி புஸ்ஸென்று எழுந்து முகத்தை மறைத்தது. எரிந்த மரத்தின் வாசனை. ஊதுவது என்றால் கன்னம் புடைக்க ஊதுவது என்று நினைத்திருந்தேன். அவள் ஒரே ஒரு சிறு மூச்சுவிட்டாள், அவ்வளவுதான். பிறகு குழாயை மெதுவாகத் தட்டினாள். 'டிங்' என்று உருண்டை பிரிந்து விழுந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஜாடியை அலமாரியிலிருந்து எடுத்து வெளியே வைத்தேன்.

குழலூதி | ஞாயிறு, இரவு 9:02

அந்த 'டிங்' சத்தத்தை இரண்டு முறை படித்தேன். உருண்டை நேராக ஆற்றும் உலைக்குப் போனதா, மேசையிலேயே கிடந்ததா?

மோசெல்கரையான் | ஞாயிறு, இரவு 9:10

பக்கத்தில் ஒருவர் பெரிய கையுறையோடு தயாராக நின்றார், உடனே கொண்டு போனார்.

செம்பருத்தி | ஞாயிறு, இரவு 9:26

ஜாடியில் என்ன வைத்திருக்கிறீர்கள்? வெறுமையாகவா?

மோசெல்கரையான் | ஞாயிறு, இரவு 9:41

இன்று மாலை செயின்ட் குவாந்தன் குன்றில் நடந்துவிட்டு வந்தோம். ரோஜா கண்ணில் படவில்லை. வழியெல்லாம் நீங்கள் சொன்ன கொத்தமல்லிக் குடும்பத்துக் குடைப்பூக்கள்தான். மூன்று காம்பு பறித்து வந்து வைத்திருக்கிறேன். விஸ்டேரியாப் பூ, செம்பருத்தி இலை, மேலே வெள்ளைக் குடை. தாவரவியலுக்கு இன்னொரு பிழை சேர்த்தாயிற்று.

குழலூதி | ஞாயிறு, இரவு 9:44

குளிர்ந்த நீர்தானே ஊற்றினீர்கள்? அடுக்குக் கண்ணாடி, வெந்நீர் ஆகாது.

மோசெல்கரையான் | ஞாயிறு, இரவு 9:47

குழாய்த் தண்ணீர்தான் ஐயா. ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை.